வெற்றிலைப் பெட்டிக்குள் போன மாமன்

பெரியவர்களும் கேளுங்கள், சின்னவர்களும் கேளுங்கள். மலைகள் புகைவிட்டுக்கொண்டிருந்த காலம், வாயால் சொன்ன சொல் அப்படியே பலித்த காலம். அந்தக் காலத்தில், கடல் தாண்டி, மினாங்கபாவ் என்கிற மலைநாட்டில் ஓர் ஊர் இருந்தது. அங்கே வீட்டுக் கூரைகள் எருமைக் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து வானத்தைப் பார்க்கும்.

அந்த ஊர் வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே வீடு பெண்ணுக்கு, வயல் பெண்ணுக்கு, வாசலில் நிற்கும் நெற்குதிரும் பெண்ணுக்கு. எல்லாம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆணுக்கோ தாய் வீட்டில் அறை கிடையாது. வளர்ந்த பையன் ஊர்த் தொழுகைக்கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். கல்யாணமானால் மனைவி வீட்டில் விருந்தாளி. சிரிக்காதீர்கள். நம் ஊரில் பெண்களுக்கு என்ன கிடைத்தது என்று யோசித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

அந்த ஊரில் மாங்குதோ என்று ஒருவன் இருந்தான். பிள்ளை இல்லை. மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். மனைவி போனபின் அந்த வீட்டில் விருந்தாளிக்கு என்ன வேலை? மூட்டையைக் கட்டிக்கொண்டு அக்காள் ரபியாவின் வீட்டுக்கு வந்தான். ரபியா முன் ஜன்னலோரம் பாய் போட்டாள், சோறு போட்டாள், மீன் குழம்பு ஊற்றினாள். நாலு அறைகளிலும் அவளும் அவள் பெண்களும். அவன் சாப்பிட்டு முடித்தான். யாரும் போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

'இந்த உலகத்தில் எனக்கென்று ஒரு முழம் இடம் இல்லை' என்று நினைத்துக்கொண்டு, மாங்குதோ மலையிறங்கிப் போனான். துறைமுகப் பட்டினங்களில் துணி சுமந்து விற்றான். ஏழு வருஷம். சந்தையில் எந்தக் குழந்தையாவது "மாமா" என்று கூப்பிட்டால் இவன் திரும்பிப் பார்ப்பான். அது வேறு யாரோ ஒரு மாமாவாக இருக்கும். இவன் மறுபடி துணியை மடிக்கத் தொடங்குவான்.

எட்டாம் வருஷம் தாங்க முடியவில்லை. ஒரு தடவை ஊரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மலையேறினான். கணவாயில் ஒரு பெரிய ஆலமரம். அதைத் தாண்டியதும் மூடுபனி சூழ்ந்தது. நடந்தான், நடந்தான், நடந்த இடத்துக்கே வந்து சேர்ந்தான். இரண்டாம் தடவை வலப்பக்கமாகப் போனான். நடந்தான், நடந்தான், நடந்த இடத்துக்கே வந்து சேர்ந்தான். மூன்றாம் தடவை போய்த் திரும்பியபோது, மரத்தடியில் ஒரு கிழவன் பித்தளை வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். அவன் ஒரு மந்திரவாதி.

"வீட்டுக்குப் போறவனை என் பனி விடாது. உன்னோடது ஏதாவது ஒண்ணு கொடு, வழி விடறேன்" என்று பெட்டியைத் திறந்தான்.

உள்ளே பாக்கு அளவில் குட்டிக் குட்டி வீடுகள்! குட்டி வயல்கள், குட்டித் தோப்புகள்! இந்தப் பனியில் சிக்கிய தூரதேசத்து வியாபாரிகள் வழிக்காகக் கொடுத்துவிட்டுப் போனவை.

"உனக்கு வீடு இருக்கா? 'என்னோடது, எடுத்துக்கோ'ன்னு சொல்லு, போதும்."

"இருக்கு. ஆனா அது எங்க அக்காவோடது."

மந்திரவாதி படாரென்று பெட்டியை மூடினான். அவன் கை நடுங்கியது. ஏன் நடுங்கியது? பொறுங்கள், சொல்கிறேன்.

மாங்குதோவைப் பனியிலேயே விட்டுப் போன மந்திரவாதி ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தான். "வயல் இருக்கா?"

"இருக்கு. அதுவும் அக்காவோடது. அவளுக்கப்புறம் அவ பொண்ணுங்களோடது."

மறுபடி படாரென்று மூடினான். இன்னொரு மாதம் மாங்குதோ காட்டுப்பழம் தின்றான், ஓடைத் தண்ணீர் குடித்தான், பேச ஆளில்லாமல் ஆலமரத்தோடு பேசினான். மரம் நல்ல மரம்தான், ஆனால் பதில் சொல்லாது.

மூன்றாம் தடவை மந்திரவாதி பக்கத்தில் உட்கார்ந்து இதமாகப் பேசினான்.

"வீடு உன்னோடது இல்ல, வயல் உன்னோடது இல்ல. அங்கே உன்னை யார் தேடப்போறாங்க? உன்னையே எனக்குக் கொடுத்துடு. உள்ளே உனக்குன்னு ஒரு அறை தரேன். உனக்கே உனக்கு. கதவோட."

கதவு வைத்த அறை! பிறந்ததிலிருந்து அப்படி ஒன்று மாங்குதோவுக்கு இருந்ததில்லை. வீட்டைக் கொடுக்க மாட்டேன் என்றவன், வயலைக் கொடுக்க மாட்டேன் என்றவன், இதற்கு இடறி விழுந்தான்.

"நான் ஒருத்தனாவது என்னோடதுதானே" என்றான். "என்னை எடுத்துக்கோ."

மூடி விழுந்தது.

அறை நன்றாகத்தான் இருந்தது. மெத்தை இருந்தது, விளக்கு இருந்தது, கதவு இருந்தது. கதவைத் தட்டத்தான் யாரும் இல்லை. ஒரு நாள் தூங்கினான். இரண்டாம் நாள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் அழுதான்.

அப்போது வெளியே ஒரு பெண் குரல் கேட்டது.

"பெரியவரே, இந்தப் பக்கம் என் மாமாவைப் பார்த்தீங்களா? ஆலமரத்தைச் சுத்திச் சுத்தி நடக்கிற ஒருத்தரைப் பத்தி வழிப்போக்கர்கள் சொன்னாங்க."

அது ரபியாவின் மூத்த மகள் ரெனோ. அவன் போகும்போது இடுப்பளவு இருந்தவள். பனி வீடு திரும்புகிறவர்களைத்தான் மறிக்கும். தேடி இறங்கி வருகிறவளை என்ன செய்யும்? கையில் வெற்றிலைத் தட்டோடு நேரே மரத்தடிக்கு வந்துவிட்டாள்.

"மாமாவா? எதுக்கு?" என்றான் மந்திரவாதி.

"எனக்குக் கல்யாணம் பேசி மூணு தடவை வந்தாங்க. மூணு தடவையும் அம்மா திருப்பி அனுப்பிட்டாங்க. மாமா 'ஆகட்டும்'னு சொல்லாம எங்க வீட்டில் எப்படிக் கல்யாணம் நடக்கும்? வெற்றிலை வெச்சு அழைச்சுட்டுப் போக வந்திருக்கேன்."

"திரும்பிப் போ. அவன் தன்னையே எனக்குக் கொடுத்துட்டான்."

ரெனோ கோபப்படவில்லை. இடுப்பில் கை வைத்தாள், அவ்வளவுதான்.

"அவரை அவர் எப்படிக் கொடுப்பார்? அவர் எங்க வீட்டுச் சொத்து. வீடு, வயல், குதிர், மாமா. எங்க வீட்டுச் சொத்தைக் கொடுக்கணும்னா வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் கூடி ஒத்துக்கணும். எங்களை யாராவது கேட்டாங்களா?"

பெட்டியில் டிக் என்று ஒரு விரிசல். டிக் என்று இன்னொன்று. மந்திரவாதியின் கை ஏன் நடுங்கியது என்று இப்போது தெரிகிறதா? உரியவர் கொடுக்காத பொருள் அந்தப் பெட்டியில் தங்காது; உரியவர் வாய் திறந்து கேட்டால் பெட்டியே உடையும். மூன்றாம் விரிசலில் பெட்டி பிளந்தது. குட்டி வீடுகளும் வயல்களும் ஈசல் மாதிரி கிளம்பித் தத்தம் ஊருக்குப் பறந்தன. பனி விலகியது. புல்தரையில் மாங்குதோ தாடியும் கண்ணீருமாக உட்கார்ந்திருந்தான்.

"மாமா, கிளம்புங்க" என்று ரெனோ தட்டை நீட்டினாள். அவன் வெற்றிலையை எடுத்துக்கொண்டான்.

மந்திரவாதி உடைந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ரெனோ கொஞ்சம் யோசித்தாள். அவனுக்கும் ஒரு வெற்றிலை வைத்து, "நீங்களும் வாங்க" என்றாள். அவனை யாரும் எதற்கும் அழைத்ததே இல்லையாம். எழுந்து பின்னாலேயே வந்தான்.

வீட்டு ஏணிப்படியில் ரபியா நின்றாள். "ஏன்டா போனே?"

"எனக்கு இங்கே இடமில்லையே அக்கா."

ரபியா ஜன்னலோரம் கை காட்டினாள். அன்றைக்குப் போட்ட பாய் அப்படியே கிடந்தது. தினமும் தூக்கிப் பெருக்கி மறுபடி அதே இடத்தில் விரித்திருக்கிறாள். ஏழு வருஷமும் வேறு யாரையும் அதில் உட்காரவிடவில்லை. "இதைச் சொல்லணுமா? உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள்.

மாங்குதோ அந்தப் பாயில் உட்கார்ந்தான். வீடே அவன் வாயைப் பார்த்துக் காத்திருந்தது. "ஆகட்டும்" என்றான். கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது.

கடைசிப் பந்தியில் மூன்றாவது தட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே மந்திரவாதி கேட்டான். "இப்பவாவது சொல்லு. இங்கே உன்னோடது எது?"

மாங்குதோ யோசித்தான். வழக்கம் மாறவில்லை; படுக்கை தொழுகைக்கூடத்தில்தான், அறை இன்னமும் இல்லைதான்.

"ஒண்ணுமில்ல" என்று சிரித்தான். "நான்தான் இவங்களோடது."

பனி மலையேறிப் போனது, மாமன் வீடேறி வந்தான். கதை கேட்டவர்களே, உங்கள் மாமனுக்கும் ஒரு பாய் போடுங்கள். போட்டால் மட்டும் போதாது, வாயைத் திறந்து சொல்லியும் விடுங்கள்.