எண்ணெய் டின்னில் ஓர் ஓக் கன்று

கொடைக்கானலுக்கு மேலே ஒரு மலைமடம் இருந்தது. அங்கே தீட்சை கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும், மடத்தைச் சுற்றி நிற்கும் ஓக் மரங்களின் கொட்டை ஒன்றைத் தன் அறையிலேயே முளைக்க வைக்க வேண்டும். மழைக்கு மழை சரிந்துகொண்டிருக்கும் பின்மேட்டில் அந்தக் கன்றைக் கொண்டுபோய் நட வேண்டும். நட்டால் தீட்சை. வேறு பரீட்சை கிடையாது.

இவ்வளவுதானா என்றுதான் சீனிராசுவும் முதலில் நினைத்தார். சாத்தூர்க்காரர். லாரி ஓட்டி ஓய்ந்து, அறுபது தாண்டி மலையேறியவர். மடத்தின் குரு மரகதம்மாளுக்கு அவரைவிட வயது குறைவு. அவர் சீனிராசுவை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். இவர் குருவை அம்மா என்பார்.

முதல் வருஷம், உதிர்ந்த கொட்டைகளைப் பொறுக்கி வந்து, கரிசல்காட்டு வழக்கப்படி மொறுமொறுவென்று வெயிலில் காய வைத்தார். சாம்பலில் புரட்டிப் பானையில் போட்டு மூடினார். காயாத விதையை எவனாவது எடுத்து வைப்பானா? கம்பும் உளுந்தும் அப்படித்தானே முளைக்கின்றன. ஆனால் ஓக் கொட்டை காய்ந்தால் செத்துப்போகும். அந்த ஆத்திரத்தில் மறு வருஷம் தண்ணீரிலேயே ஊறப்போட்டார். அத்தனையும் அழுகி அறை நாறியது.

மடத்தில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அவருக்குப் பின்னால் வந்து, அவருக்கு முன்னால் தீட்சை வாங்கியவர்கள். சீனிராசு தலையைக் குனிந்துகொண்டு வாசல் பெருக்குவார். உள்ளே வலிக்கத்தான் செய்தது. போதாததற்கு மகன் வேறு வந்து, அடுத்த வருஷமும் இப்படியே ஆனால் வீட்டோடு வந்துவிட வேண்டும் என்று கையடித்து வாக்கு வாங்கிக்கொண்டு போனான்.

மூன்றாம் வருஷம் கொட்டையை ஈரப்பாசியில் பொதிந்து, குளிர்காற்று வரும் ஜன்னலோரம் வைத்தார். வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது. உயரமான எண்ணெய் டின்னில் மண் நிரப்பி ஊன்றினார். வெகுநாள் மேலே ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு தண்டு வந்தது. அதில் நாலு இலை. சொந்த லாரி வாங்கிய அன்றுகூட சீனிராசு அப்படிச் சிரித்ததில்லை.

நடுவதற்கு நாள் குறித்து, மகனையும் வரச் சொல்லியாகிவிட்டது. முந்தின நாள், கன்று வெயிலுக்குப் பழகட்டும் என்று டின்னை வாசலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது காட்டுமாடு ஒன்று அசைபோட்டபடி சாவகாசமாக நடந்து போய்க்கொண்டிருந்தது. டின்னில் மண் மட்டும் இருந்தது.

சீனிராசு குருவிடம் போய் நின்றார்.

"காட்டுமாடு தின்னுட்டுதும்மா. நான் ஊருக்குக் கிளம்புறேன்."

"எதைத் தின்னுச்சு?"

"கன்னைத்தான்."

"டின்னைக் கொண்டாங்க, அண்ணாச்சி."

மரகதம்மாள் டின்னின் ஒரு பக்கத்தை வெட்டி விலக்கினார். மேலிருந்து அடிவரை மண்ணுக்குள் ஒற்றை வேர் இறங்கியிருந்தது.

"நாளைக்கு நட்டுருவோம்" என்றார்.

நட்டார்கள். எல்லோரும் வெறும் மண்ணைப் பார்த்தபடி நின்றார்கள். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குரு மட்டும் மற்றக் கன்றுகளுக்குச் செய்வது போலவே தண்ணீர் ஊற்றி, மணி அடித்து, தீட்சைக்கு வந்து உட்காரும்படி சீனிராசுவைக் கூப்பிட்டார். அவர் உட்காரவில்லை. ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டித் தீட்சை வாங்க மனசு வரவில்லை என்றார். குரு வற்புறுத்தவில்லை. மகனும், கோடைமழை வரைக்கும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சீனிராசு தினமும் மேட்டுக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். அங்கே என்ன பார்க்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை.

கோடைமழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அவருடைய சத்தம் மடம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினார்கள். மண்ணைக் கீறிக்கொண்டு சிவப்பாகத் துளிர் வந்திருந்தது. மாடு தின்றது ஒரு தண்டு. வந்திருந்தது இரண்டு. அவரைப் பார்த்து அதிகமாகச் சிரித்தவர்தான் முதலில் ஓடிப்போய் மணியை அடித்தார். மணி நிற்கவே இல்லை. அந்த மேட்டிலேயே, சேற்றுக் காலோடு, சீனிராசுவுக்குத் தீட்சை ஆயிற்று. கிழவர் வெட்கப்படாமல் அழுதார்.

கூட்டம் கலைந்த பிறகு குருவிடம் கேட்டார்.

"அம்மா, அன்னைக்கு அத்தனை பேர் முன்னால வெறும் மண்ணை நட்டீங்களே. துளிர்க்கும்னு எப்படித் தெரிஞ்சுது?"

மரகதம்மாள் கையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டார்.

"இலையே காட்டாத ஒருத்தரை மூணு வருஷமா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன், அண்ணாச்சி."