வாசலை மூடிக்கொண்ட அழுங்கு

ஒரு காட்டில் இருமல் நோய் புகுந்தது. முதலில் மான் இருமியது, பிறகு குரங்கு, பிறகு யார் யாரோ. "நோய் போகும்வரை யாரும் வளையை விட்டோ கூட்டை விட்டோ வெளியே வரக் கூடாது" என்று காட்டுச் சபை சொல்லிவிட்டது. காடே அடங்கிப்போனது. பகலிலும் மூடுபனி மரங்களுக்கிடையே தன்பாட்டுக்கு உலாவியது. ஓர் இலை விழுந்தால் அந்தக் கோடி வரை கேட்டது, குழந்தைகளே!

அந்தக் காட்டின் கற்சரிவில் ஓர் அழுங்கு தன் குட்டியோடு குடியிருந்தது. உடம்பெல்லாம் செதிலோடு, எறும்பும் கறையானும் தின்று வாழுமே, அதுதான். மகா பயந்தாங்கொள்ளி. புல் அசைந்தால் போதும், பந்தாகச் சுருண்டுவிடும்.

வளை அதற்குச் சொந்தமில்லை. முள்ளம்பன்றியின் வளை அது. வாடகை, மாதம் பத்துக் கிழங்கு. அழுங்கு தோண்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும், ஒருநாளும் தவறியதில்லை. இப்போது வெளியே போனால்தானே தோண்டுவதற்கு? ஒரு மாதம் போயிற்று. வாடகை நின்றது.

ஒருநாள் காலை, பனிக்குள் 'சலசல'வென்று முட்கள் குலுங்கும் சத்தம் கேட்டது. முள்ளம்பன்றி அன்பாக வந்தாலும் சண்டைக்கு வருவதுபோலத்தான் சத்தம் வரும். அது என்ன செய்யும், பாவம்!

"ஐயோ, வாடகை கேட்க வந்துட்டாரு!" என்று அழுங்கு பதறியது. மண்ணை அள்ளித் தள்ளி, உள்ளிருந்தபடியே வாசலை அடைத்தது. அழுங்குகளுக்கு அது பரம்பரைப் பழக்கம். பிறகு குட்டியை வயிற்றோடு அணைத்துச் சுருண்டுகொண்டது. சுருண்டால் காதும் உள்ளே போய்விடும். வெளியே முள்ளம்பன்றி பத்தடி தள்ளி நின்று என்னவோ சொன்னது. ஒரு வார்த்தைகூட அழுங்கின் காதில் விழவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடியும் 'சலசல'. அழுங்கு மறுபடியும் சுருண்டது. அடுத்த பத்து நாளில் இன்னொரு தடவை. அப்போதும் அப்படியே. சத்தம் ஓய்ந்ததும், "அப்பாடா, தப்பிச்சோம்" என்று பெருமூச்சு விட்டது. எதிலிருந்து தப்பித்தது என்று அதற்கே தெரியாது!

வளைச் சுவரில் ஊர்ந்த எறும்புகளும் தீர்ந்துபோயின. பசி மயக்கத்தில் தூக்கமும் விழிப்பும் ஒன்றாகிவிட்டன. கனவில் பத்துக் கிழங்குகளுக்கும் கால் முளைத்தது. அவை அழுங்கைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, "எப்போ? எப்போ?" என்று மெல்லக் கேட்டன. இன்னொரு கனவில் முள்ளம்பன்றி மலையளவு வளர்ந்திருந்தது. அதன் முட்களுக்கிடையே மேகங்கள் சிக்கிக்கொண்டு நின்றன. அழுங்குக்கு அழுகை அழுகையாக வந்தது.

குட்டி சிணுங்கிய சத்தத்தில்தான் அது கண் விழித்தது. குட்டி பாலுக்கு முட்டியது. சுருண்டபடியே பால் கொடுக்க முடியுமா? அழுங்கு உடம்பை நீட்டிப் படுத்தது. குட்டி சப்பிப் பார்த்துவிட்டு, பசியில் குரல் எழும்பாமல் விசும்பி அழுதது. பால் இல்லை.

உடம்பை நீட்டியதால் காது வெளியே இருந்தது. வாசலுக்கு அப்பால் பேச்சுக் குரல்கள் கேட்டன.

"இந்த வளையில யாரு?" இது மைனா. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது, சபை அதற்குக் கொடுத்த வேலை.

"யாரும் இல்லை போலிருக்கு. மூணு தடவை வந்துட்டேன். உள்ளே ஆள் இருந்தா ஒரு பதில் சொல்லாமலா இருப்பாங்க?" இது முள்ளம்பன்றி.

"அப்போ காலின்னு எழுதிக்கிறேன். கீரி குடும்பம் வீடில்லாம பாறையடியில கிடக்குது. நாளைக்கே அவங்களைக் குடி வச்சிடலாம்."

வெளியே போனால் வாடகை கேட்பார். போகாவிட்டால் வீடே போய்விடும். உடம்பு பழக்கதோஷத்தில் தானாகச் சுருளப் பார்த்தது. குட்டியோ அழுகையை நிறுத்தவில்லை.

அழுங்கு பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணைப் பறித்துத் தள்ளியது. அழுங்குக்கு ஏது பல் என்று கேட்காதீர்கள். அவ்வளவு வேகம்! வாசல் திறந்தது.

"இருக்கோம்! ரெண்டு பேர் இருக்கோம்!"

முள்ளம்பன்றி திடுக்கிட்டதில் முட்களெல்லாம் நட்டுக்கொண்டன. "இத்தனை நாளும் உள்ளேயேவா இருந்தே?"

"கிழங்கு இல்லண்ணே. கேப்பீங்களேன்னு பயந்து..."

"கேட்கவா வந்தேன்? நோய் தீர்ற வரைக்கும் யாரையும் வீட்டை விட்டுக் கிளப்பக் கூடாதுன்னு சபை சொல்லிடுச்சு. சபைகிட்ட அனுமதி வாங்கிட்டு, அதைச் சொல்லத்தான் முதல் தடவை வந்தேன். வாடகையை மழைக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கொடு. வேண்டாம்னு சொல்ல மாட்டேன், எனக்கும் வயிறு இருக்கு."

"ரெண்டாவது தடவை?"

"யானை எல்லாருக்கும் சாப்பாடு கொடுக்குது, மைனாகிட்ட பேரைச் சொல்லுன்னு சொல்ல வந்தேன்."

"மூணாவது தடவை?"

முள்ளம்பன்றி கொஞ்சம் கூச்சத்தோடு வேறு பக்கம் பார்த்தது. "உன் குட்டி எப்படி இருக்குன்னு பார்க்க வந்தேன்."

அழுங்கு குட்டியை மெல்ல வாசலுக்கு நகர்த்திக் காட்டியது.

மைனா தொண்டையைக் கனைத்தது. "போன பங்கெல்லாம் போனதுதான், தங்கச்சி. அதைத் திருப்பித் தர வழியில்லை. இன்னைக்குப் பங்கு வரும். கீரிக்கு நான் வேற இடம் தேடணும், எனக்கு இன்னொரு அலைச்சல்!" என்று முணுமுணுத்துக்கொண்டே பறந்தது.

மதியம் யானை கறையான் மொய்த்த ஒரு பெரிய புற்றுக்கட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தது. அழுங்கு கண்ணீரும் கறையானுமாக அதை நக்கித் தின்று முடித்தது. பொழுது சாய்வதற்குள் பால் ஊறியது. குட்டி வயிறு நிறையக் குடித்துவிட்டு, திறந்த வாசலில் பனியைப் பார்த்தபடியே தூங்கிப்போனது.

நீதி: கடனுக்குப் பயந்து வாசலை அடைத்தால், தேடி வரும் உதவியும் திரும்பிப் போய்விடும்.