வெண்பாறைப்பட்டியில் பகல்

"என் கட்டுரையை மூணாவது தடவையும் திருப்பி அனுப்பிட்டீங்க," என்றார் டாக்டர் மாசிலாமணி.

ஆசிரியர் சகாயமேரி டீ ஊற்றிக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. வெளியே மலை இல்லை, மரங்கள் இல்லை. மூடுபனி மட்டும் இருந்தது. அதுவும் மெல்ல வாசற்படி ஏறிக்கொண்டிருந்தது.

"உட்காருங்க சார்."

மாசிலாமணி உட்காரவில்லை.

தொழிலாளர் உடல்நலம், சுற்றுச்சூழல் பற்றிய சிறிய ஆய்விதழ் ஒன்று அந்த மலைவீட்டிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தது. சகாயமேரி அதற்கு ஆசிரியர். பாடம் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆனாலும் அவருக்குக் கட்டுரை அனுப்பிய பலர், அது வெளிவந்து வருஷக்கணக்கான பின்னும், "எங்க ஆசிரியர்" என்றே அவரைச் சொன்னார்கள். வயதில் மாசிலாமணியைவிட மிகவும் இளையவர்.

"திருப்பி அனுப்பினா காரணம் எழுதணும் மேடம். நீங்க ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கீங்க. மூணு தடவையும் அதே வார்த்தை."

"ஆமா."

அந்த வார்த்தை 'மற்றவர்கள்?' என்பது.

முதல் முறை அதைப் பார்த்தபோது இரவு ஷிப்டை விட்டுவிட்டோம் என்று நினைத்தார் மாசிலாமணி. கல் அரைக்கும் மில்கள் இருந்த வெண்பாறைப்பட்டிக்கு மறுபடி போய் இரவு ஷிப்ட் ஆட்களைச் சேர்த்தார். இரண்டாம் முறை வந்தபோது பக்கத்து மில்களையும் சேர்த்தார். மூன்றாம் முறைக்குள் யாரையும் பாக்கி வைக்கவில்லை.

"அந்த மில்லுகள்ல இனிமே மூச்சளக்கற குழாய்ல ஊதாத ஆளே கிடையாது மேடம். வாட்ச்மேன்கூட ஊதிட்டார்."

ஆசிரியர் டீயை அவர் பக்கம் நகர்த்தினார்.

"என்ன கண்டுபிடிச்சீங்க?"

"கட்டுரையில இருக்கு."

"நீங்க சொல்லுங்களேன்."

மாசிலாமணி உட்கார்ந்தார்.

"அங்க வெள்ளைக்கல்லை மாவா அரைக்கறாங்க. கண்ணாடி செய்யறதுக்கு, பீங்கான் செய்யறதுக்கு. மில்லுக்குள்ள எதிர்ல நிக்கற ஆளைத் தெரியாது, அவ்வளவு தூசி. வருஷா வருஷம் போய் எல்லாரையும் குழாய்ல ஊதச் சொல்லி மூச்சை அளந்தேன். நுரையீரல் கெட்டிருக்கும்னு நெனைச்சுத்தான் போனேன்."

"கெட்டிருந்ததா?"

"இல்லை. டவுன்ல கடை வெச்சிருக்கறவங்க மூச்சைவிட இவங்க மூச்சு நல்லாயிருக்கு."

"ஆச்சரியமா இல்லையா?"

"இருந்துச்சு. அதனாலதான் எழுதினேன்."

ஆசிரியர் தலையசைத்தார். மூடுபனி இப்போது அறைக்குள் வந்து மேஜைக்காலைச் சுற்றி நின்றது. அலமாரியிலிருந்த பழைய இதழ்கள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கின.

"ஏன் இவ்வளவு அவசரம் சார்?"

"ஊர்க்காரங்க தூசி உறிஞ்சுற மெஷின் வைக்கச் சொல்லி மனு கொடுத்திருக்காங்க. கலெக்டர் கூட்டம் போடப் போறார். மில் மேனேஜர் என் கட்டுரையை அங்க காட்டணும்னு சொல்றார். நான் யார் பக்கமும் இல்லை மேடம். எது உண்மையோ அது வெளியில வரட்டும்."

அதை அவர் மனதாரத்தான் சொன்னார்.



ஆசிரியர் சொன்னார்: "ஒரு பகல்ல போங்க. ஷிப்ட் ஏறின பிறகு. மெஷின் வேண்டாம். மில்லுக்குள்ள போக வேண்டாம். தெருவுல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்துட்டு வாங்க."

"அந்த நேரத்துல தெருவுல யாரும் இருக்க மாட்டாங்களே."

"யாருமே இல்லைன்னா வந்து சொல்லுங்க. அன்னைக்கே கட்டுரையை எடுத்துக்கறேன்."

"இதே கட்டுரையை?"

"ஒரு எழுத்து மாத்த வேண்டாம்."

மாசிலாமணி டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். வெளியே வந்தபோது தன் கால்கள் தனக்கே தெரியவில்லை.

*

இதுவரை அவர் மில் ஜீப்பில்தான் வெண்பாறைப்பட்டிக்குப் போயிருந்தார். ஜீப் நேராக மில் கேட்டுக்குள் போகும். நேராகக் கேட்டிலிருந்து வெளியே வரும்.

இந்த முறை பஸ்ஸில் போய் இறங்கினார்.

ஊர் வெள்ளையாக இருந்தது. வேப்பமரம் வெள்ளை. அதன் நிழலும் வெள்ளை போலத்தான் இருந்தது. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் சாம்பலில் செய்து வைத்த மாதிரி இருந்தன. ஒரு கோழி தெருவைக் கடந்தது. மாவில் அதன் கால்தடம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதன்மேலும் மாவு இறங்கியது.

ஊருக்குப் பின்னால் மில்கள் ஓடிக்கொண்டிருந்தன. அது சத்தமாகவே தெரியவில்லை. காற்றே அப்படித்தான் இருக்கும் போலிருந்தது.

மாசிலாமணி நடந்தார்.

இரண்டு பக்கமும் வீடுகள். கதவுகள் திறந்திருந்தன. வாசலில் ஆள் இல்லை. கூப்பிடும் குரல் இல்லை. தூக்கத்தில் வரும் தெருவைப் போல அது நீண்டுகொண்டே போனது. நடக்க நடக்க அவர் மனம் லேசானது.

தெருக்கோடியில் மாரியம்மன் கோயில். அங்கே நின்று திரும்பிப் பார்த்தார்.

யாரும் இல்லை.

அப்போது கரண்ட் போனது.

மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி நின்றன. ஊர் அதுவரை போர்த்தியிருந்ததை யாரோ உருவிக்கொண்ட மாதிரி இருந்தது.

முதலில் புறா என்று நினைத்தார். கூரைக்கடியில் புறாக்கள் அப்படித்தான் முனகும்.

புறா இல்லை.

இடப்பக்க வீட்டில் ஒருவர் இருமினார். அவர் முடிக்கும் முன் எதிர்வீட்டில் ஒருவர் தொடங்கினார். அதற்கடுத்த வீட்டில் இன்னொருவர். பிறகு தூரத்தில். பிறகு மிக அருகில். ஒரு வீடு விட்டதை அடுத்த வீடு வாங்கி, அதற்கடுத்த வீட்டுக்குக் கொடுப்பதுபோல் அது தெரு முழுக்கப் போய்க்கொண்டிருந்தது.

மாசிலாமணி நின்ற இடத்திலேயே நின்றார்.

"யாருங்க அது?" ஒரு பெண் வாசலுக்கு வந்தாள்.

"டாக்டர்மா."

"ஊதச் சொல்ற டாக்டருங்களா? உள்ள வாங்க. அவருதான் உங்களப் பத்தி அடிக்கடி பேசுவாரு."

உள்ளே கயிற்றுக்கட்டிலில் ஒருவர் மடியில் தலையணையை வைத்து அதன்மேல் குனிந்து உட்கார்ந்திருந்தார். படுக்க முடியாதவர் உட்காரும் விதம் அது. டாக்டரைப் பார்த்ததும் சிரித்தார்.

"தெரியுதுங்களா சார்?"

மாசிலாமணிக்குத் தெரியவில்லை.

"பொன்னுரங்கம்ங்க. மொத வருசம்... ஊதினேன். மீட்டர் முள்ளு கடைசி வரைக்கும்... போச்சு." மூச்சு வருவதற்காகக் காத்திருந்தார். "நீங்க கைதட்டினீங்க."

மாசிலாமணிக்கு நினைவு வந்தது. உயரமான ஆள். அகலமான மார்பு. அன்று மில்லில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது பனியனுக்குள் தோள் எலும்பு இரண்டும் தனியாகத் தெரிந்தன. நாற்பது வயதுகூட ஆகியிருக்காது.

"அதுக்கப்புறம் நீங்க வரலையே?"

"வேலைய விட்டு நின்னுட்டேங்க. மூட்டை தூக்க முடியல. தூக்க முடியாட்டி கேட்டுக்குள்ள... விட மாட்டாங்க." மறுபடி காத்திருந்தார். "நீங்க கேட்டுக்குள்ளதான ஊதச் சொல்வீங்க."

குறையாகச் சொல்லவில்லை. மழை இல்லை என்று சொல்வதுபோல் சொன்னார்.

மாசிலாமணியின் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. 'இடையில் வேலையை விட்டவர்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை.' அந்த வரியை எழுத அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"இந்தத் தெருவுல," என்று ஆரம்பித்தார். "உங்களை மாதிரி..."

"கரண்டு வர்றதுக்குள்ள நடந்து பாருங்க சார்," என்றார் பொன்னுரங்கம். "வந்துட்டா கேக்காது."

மாசிலாமணி தெருவுக்கு வந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டார். சில வீடுகளில் ஒரு குரல். சில வீடுகளில் இரண்டு. ஒரு வீட்டில் அப்பாவும் மகனும் மாறி மாறி இருமினார்கள்.

பாதித் தெருவில் கரண்ட் வந்துவிட்டது.

மில் சத்தம் ஏறியது. பழைய காற்று திரும்பி வந்தது. எதிரே திறந்திருந்த ஒரு கதவுக்குள் யாரோ குனிந்திருந்தார். அவர் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. சத்தமே இல்லை.

*

மாசிலாமணி மலைக்குப் போகவில்லை. வெண்பாறைப்பட்டிக்கே போய்க்கொண்டிருந்தார்.

பகலில் போனார். ஷிப்ட் ஏறிய பிறகு போனார். கட்டில்களின் ஓரத்தில் உட்கார்ந்து குழாயைப் பிடித்தார். ஊத முடிந்தவர்கள் ஊதினார்கள். சிலர் குழாயை வாயருகே கொண்டுபோய்விட்டுத் தலையை ஆட்டினார்கள். 'ஊத இயலவில்லை' என்று அதையும் எழுதிக்கொண்டார். மழை வந்து கூரைகளைக் கழுவியது. ஒரு நாள் மட்டும் வேப்பமரம் பச்சையாக இருந்தது.

மில் மேனேஜர் கனகசபாபதி போன் செய்தார்.

"கேட்டுக்குள்ள எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு டாக்டர்? வெளியில எதுக்குப் போறீங்க?"

"வெளியிலதான் இருக்காங்க."

போனில் மில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப நீங்க இனிமே கேட்டுக்கு வர வேண்டியதில்லைங்க," என்றார் கனகசபாபதி.

மறுநாள் மில்லைத் தாண்டிப் போனபோது, எப்போதும் சல்யூட் வைக்கும் வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்தார். மாசிலாமணிக்கு அது வலித்தது. வீட்டுக்கு வந்து கண்ணை மூடினால் யாரோ கைதட்டுவது கேட்டது. தன் கைதான் என்று தெரிந்தது.

எழுத உட்கார்ந்தார். பழைய கட்டுரையில் ஒரு வரியைக்கூட அப்படியே விடவில்லை.

*

மலையில் அன்றும் மூடுபனி. வீட்டைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று.

ஆசிரியர் புதிய கட்டுரையை வாங்கிப் படித்தார். கடைசிப் பக்கம் வரை படித்தார். பொன்னுரங்கத்தைப் பற்றி மாசிலாமணி வாயால் சொன்னதையும் கேட்டார். டீ ஆறிவிட்டது. மாசிலாமணி கைகளைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"எடுத்துக்கறேன்," என்றார் ஆசிரியர். "ரெண்டு பேருக்கு அனுப்பறேன். அவங்க படிச்சுட்டுக் கேள்வி கேப்பாங்க. நீங்க பதில் எழுதணும். அப்புறம் மறுபடி படிப்பாங்க. இதழ்ல வர்றதுக்குக் கோடை ஆயிடும்."

"கலெக்டர் கூட்டம் இந்தத் திங்கட்கிழமை மேடம்."

"ம்."

"ஒரு வரி எழுதிக் கொடுங்க. கட்டுரையை ஏத்துக்கிட்டோம்னு, இதழ் பேர் போட்டு. அதைக் காட்டினாப் போதும்."

"இன்னும் யாரும் படிக்கலையே சார்."

"நீங்க படிச்சீங்களே."

"நான் ஒருத்திதானே."

மாசிலாமணி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"அந்த மேனேஜர்கிட்ட என் பழைய கட்டுரை இருக்கு மேடம். என் பேர், என் கையெழுத்து. மூச்சு நல்லாயிருக்குன்னு நானே எழுதினது. அதை மேஜைமேல வெச்சிட்டு டாக்டரே சொல்லியிருக்கார்னுவார். நான் எழுந்து இல்லைன்னு சொன்னா, எதை வெச்சுச் சொல்றீங்கன்னு கேப்பாங்க. என் கையில என்ன இருக்கு? எதைக் காட்டுவேன்?"

ஆசிரியர் பக்கங்களை நேராக அடுக்கினார். மூடுபனி மேஜைவரை உயர்ந்திருந்தது. அவர் கைகளும் அந்தத் தாள்களும் மட்டும் தனியாக மிதப்பதுபோல் இருந்தன. எங்கோ கீழே ஒரு பஸ் வளைவில் ஹாரன் அடித்தது.

"கூட்டம் எங்கே நடக்குது?"

"டவுன்ல. கலெக்டர் ஆபீஸ்ல."

"யார் வேணா வரலாமா?"

"வரலாம். ஊர்க்காரங்க கொடுத்த மனுதானே."

"வெண்பாறைப்பட்டியிலிருந்து பஸ் இருக்கா?"

"காலையில ஒண்ணு இருக்கு."

ஆசிரியர் தாள்களிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"பொன்னுரங்கத்தால அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியுமா?"

மாசிலாமணி மூடுபனியைப் பார்த்தார்.

"தலையணை எடுத்துட்டு வந்தா," என்றார் மெதுவாக, "வருவார்."