காலிக் கிடங்கு

மாசித் திருவிழாவுக்கு ஊர்க்காரர்களே வாணம் செய்து விடுவது கீழக்கோட்டை வழக்கம். அந்த வருஷம் வாண மருந்துக்கு வேண்டிய வெடியுப்பின் விலை வாணத்தையே முந்திக்கொண்டு மேலே போனது. வெடியுப்பு விற்றவர் நல்லமுத்து ஒருவர்தான்.

"கப்பலே வரவில்லை. கிடங்கில் ஒரு சிட்டிகை கிடையாது. நாலு மடங்கு கொடுத்தால் எங்காவது தேடித் தருகிறேன்" என்பார்.

திருவிழாவை நடத்தும் ஜமீன்தார் தன் வேலைக்காரி இருளாயியைக் கூப்பிட்டார். "பழைய விலைக்கு வெடியுப்போடு வா. இல்லையென்றால் வராதே."

இருளாயி ஒரு பழைய வாணத்தையும் எரிகிற பந்தத்தையும் எடுத்துக்கொண்டு நேரே கடைவீதியில் நல்லமுத்துவின் கடைக்குப் போனாள்.

"ஐயா, இது போன வருஷத்து மிச்சம். நமத்துப் போச்சான்னு கொளுத்திப் பார்க்கணும். வெளியே எல்லாம் கூரை வீடு. உங்க கிடங்கு கல்லுக் கட்டடம், காலியாவும் கிடக்கு. உள்ளே வச்சுப் பார்த்துக்கிடுறேன்" என்று கிடங்கை நோக்கி நடந்தாள்.

நல்லமுத்து ஓடிப்போய்க் கதவை மறித்தார். "அடிப்பாவி, உள்ளே கூரை முட்ட வெடியுப்பு மூட்டை இருக்கு."

கடைவீதியே திரும்பிப் பார்த்தது. இருளாயி பந்தத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினாள்.

பழைய விலைக்கே வண்டியில் மூட்டை ஏறியது. ஏறும்போது அவள் பணிவாகக் கேட்டாள்: "கப்பல் எப்போ வந்துச்சு ஐயா? கிடங்குக்குள்ளேயே கரை சேர்ந்துட்டுதா?"