கப்பலின் தலை கழன்ற கதை

அந்தக் காலத்தில், பறவையும் மரமும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய நாளில், வடகடல் ஓரத்தில் ஹால்வார் என்றொரு கப்பல் தச்சன் இருந்தான். ஓக் மரத்தை நார் ஓடும் வாட்டம் பார்த்துப் பிளப்பான். பலகைமேல் பலகை ஏற்றி ஆணி அடிப்பான். அவன் கப்பல் அலைக்கு வளையும், உடையாது. ஆனால் பூதத் திமிங்கிலங்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? கப்பலை அப்படியே விழுங்கிவிடும்.

அதனால் கப்பலின் முகப்பில் நிமிர்ந்து நிற்கும் முன்கொம்பில் கடல்நாகத்தின் தலை ஒன்றைச் செதுக்கி, எவனாலும் பிடுங்க முடியாதபடி ஏழு இரும்பாணி அடித்தான். அதை நிமிர்ந்து பார்த்தால், செதுக்கியவனுக்கே பயம். திமிங்கிலங்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடின.

ஹால்வார் அந்தக் கப்பலிலேயே கடலுக்குப் போய், மூன்று மாதம் கழித்து ஊர் திரும்பினான். கரையில் அவன் மனைவி யோரா கைக்குழந்தையோடு நின்றாள். அந்தத் தலை கரையைப் பார்த்ததுதான் தாமதம், பறவைகள் கூட்டைப் போட்டுவிட்டுப் பறந்தன. ஊற்று நின்றது. யோராவுக்குப் பால் வற்றியது. குழந்தை அழவில்லை, கண் இமைக்காமல் கப்பலையே பார்த்தது.

மண்ணைக் காக்கும் தேவதைகள் அந்த நாகத்தலைக்குப் பயந்து ஓடிவிட்டன என்று, பறக்க முடியாத கிழ வாத்து ஒன்று சொன்னது. பொழுது சாய்வதற்குள் அவை திரும்பாவிட்டால் குழந்தை தங்காது என்றும் சொன்னது.

ஹால்வார் முன்கொம்பில் ஏறினான். ஆணியைப் பிடுங்கப் பார்த்தான், அசையவில்லை, அவன் கைவேலை அப்படி. கோடரியை ஓங்கினான்.

"உன்னை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தவன் நான். என்னையா வெட்டுகிறாய்?" என்றது தலை.

"என் பிள்ளை உன்னைப் பார்த்தே சாகிறானே" என்றான் ஹால்வார்.

"நான் இல்லாமல் நாளைக்குக் கடலில் என்ன செய்வாய்?"

ஹால்வார் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினான். கீழே விழுந்த தலையைப் பார்க்கத் துணிவில்லாமல் கம்பளியால் மூடினான். ஊற்று கசிந்தது. பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கடைசியில் குழந்தை வீறிட்டு அழுதது. அதைக் கேட்டு ஹால்வாரும் அழுதான்.

மறுநாள், மாட்டவும் கழற்றவும் தோதாக, வெட்டிய கழுத்தில் மர ஆப்பு ஒன்றைப் பொருத்தினான்.

அன்று முதல்தான் வடகடல் மாலுமிகள் நடுக்கடலில் நாகத்தலையை மாட்டுகிறார்கள். சொந்தக் கரை தெரிந்ததும் கழற்றிக் கம்பளியால் மூடி, குப்புறப் படுக்க வைக்கிறார்கள். உள்ளே அதன் கண் திறந்தே இருக்கும் என்று தெரிந்ததால், கரை சேரும்வரை அதன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.