ஊசிப்பாறை ரக்பி கிளப் ஒரே ஒரு தடவை ஜெயித்த கதை

மேற்கு மலையில் ஊசிப்பாறை என்று ஒரு தேயிலை எஸ்டேட். தேயிலையைக் குறைசொல்ல முடியாது. தண்ணீரும் நல்ல தண்ணீர். ஆட்கள்தான் கொஞ்சம் அப்படி இப்படி. சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள், அதுதான் அவர்களிடம் இருந்த ஒரே கோளாறு. "இங்கேயே இரு, வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு நீங்கள் போனால் அங்கேயே இருப்பார்கள். நீங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போய்விட்டாலும் இருப்பார்கள்.

பக்கத்து மலையில் குதிரைமுடி எஸ்டேட். வெள்ளைக்காரன் காலத்தில் இரண்டு எஸ்டேட் துரைகளுக்கும் ஆகாது. ஏன் ஆகாது என்பது அவர்களுக்கே மறந்துபோயிருந்தது. துரைமார் கட்டிப் புரண்டால் நன்றாக இருக்காது என்று ஆளுக்குப் பதினைந்து தொழிலாளிகளைப் பிடித்து, பலாக்கொட்டை வடிவத்தில் ஒரு தோல்பந்தையும் கொடுத்துக் கட்டிப் புரளவிட்டார்கள். அதற்கு ரக்பி என்று பேர். எதிராளியின் பக்கத்தில் போட்டிருக்கும் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ஜெயம்.

முதல் மாட்சுக்கு முன்னால் ஊசிப்பாறைத் துரை தம் ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கையில் இருக்கும் பந்தை முன்னால் நிற்பவனுக்குக் கொடுக்கக்கூடாது. பின்னால் நிற்பவனுக்குத்தான் கொடுக்க வேண்டும்."

கொடுத்தார்கள். முதல் ஆள் தனக்குப் பின்னால் நின்றவனுக்குக் கொடுத்தான். அவன் தனக்குப் பின்னால். இப்படியே பந்து கடைசி ஆளிடம் வந்து சேர்ந்தது. கடைசி ஆளுக்குப் பின்னால் ஆட்டக்காரன் இல்லை, தேயிலை ஃபாக்டரிதான் இருந்தது. அவன் ஓடிப்போய் ஃபாக்டரி வாசலில் நின்றவனிடம் கொடுத்தான். ஃபாக்டரிக்காரர்களும் ஊசிப்பாறைக்காரர்கள்தானே? பின்னால், பின்னால் என்று கொடுத்து, கடைசியில் தேயிலைப் பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். துறைமுகத்திலிருந்து பந்து திரும்பிவர ஒரு மழைக்காலம் ஆனது. அதுவரை குதிரைமுடிக்காரர்கள் ஜெயித்ததாகவே இருந்தது.

அடுத்த வருஷம் துரை வேறு மாதிரி சொன்னார். "பந்தை எவன் வைத்திருக்கிறானோ அவனை விழத்தட்டு. அவன் யாராக இருந்தாலும் சரி."

அன்றைக்குப் பார்த்து மாட்சைத் தொடங்கிவைக்க கம்பெனியின் பெரிய துரை வந்திருந்தார். போட்டோவுக்காகப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். பதினைந்து பேரும் அவர்மேல் விழுந்தார்கள். காலில் கட்டுப்போட்டு டோலியில்தான் அவரை மலையிறக்க முடிந்தது. ஊசிப்பாறைத் துரையும் அதே மாதத்தில் சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டார். போகும்போது சொன்ன கடைசி வார்த்தை, "கோட்டைத் தாண்டாமல் பந்தைக் கீழே வைக்காதே" என்பது.

துரைமார் போனார்கள், சுதந்திரம் வந்தது, எஸ்டேட் பல கை மாறியது. இந்த மூன்று வாக்கியங்கள் மட்டும் அப்பன் பிள்ளைக்குச் சொல்ல, பிள்ளை பேரனுக்குச் சொல்ல, அப்படியே இருந்தன. ஊசிப்பாறைக்காரன் கையில் பந்து வந்தால் மற்ற ஊசிப்பாறைக்காரர்களே அவனை விழத்தட்டுவார்கள். குதிரைமுடிக்காரன் குனிந்து பந்தை எடுத்துக்கொண்டு வெற்றிலையைக் குதப்பியபடி நடந்துபோய்க் கோட்டுக்கு அப்பால் வைப்பான். வருஷா வருஷம் இதேதான்.

இப்படிப்பட்ட கிளப்புக்குத் தங்கப்பழம் கேப்டனானான். தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிறவன், நல்ல உழைப்பாளி, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. அவனுக்கு ஒரே கவலை, பூரணம். பூரணம் குதிரைமுடிப் பெண். சந்தையில் பார்த்து, கோயில் கொடை விழாவில் பார்த்து, இருவருக்கும் பிடித்துப்போயிற்று. அவளுடைய அப்பா சங்கரபாண்டிக் கங்காணிதான் குதிரைமுடி டீமின் தலைவர். தங்கப்பழம் பெண் கேட்கப் போனபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏலே, தோத்த பயலுக்கா என் பொண்ணு? இந்த வருசம் எங்க டீமை ஜெயிச்சுட்டு வா, தாரேன். இல்லைன்னா தை மாசம் அம்பாசமுத்திரத்து மாப்பிள்ளைக்குப் பேசி முடிச்சிருவேன்."

தங்கப்பழத்துக்குச் சோறு இறங்கவில்லை. டீமைக் கூட்டி வைத்துக் கண்கலங்கினான். டீமில் மூளைக்காரன் என்று பேர் வாங்கியவன் பிச்சைக்கண்ணு. உடம்புக்காரன் மோசே.

"பந்தைப் பின்னாலதான் கொடுக்கணும். ஜெயிக்கிறதுக்கு முன்னால போகணும். ரெண்டும் எப்படிலே ஒத்துவரும்?" என்றான் தங்கப்பழம்.

பிச்சைக்கண்ணு கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தான். "அவனுக கோடு நமக்குப் பின்னால இருந்துட்டா?"

"கோட்டைப் பேத்துக் கொண்டாரவா?" என்று மோசே எழுந்தான்.

"கோடு அங்கேயே கிடக்கட்டும்லே. நாம திரும்பி நின்னுக்கிடுவோம். முதுகு காட்டி நின்னா அவனுக கோடு நமக்குப் பின்னாலதான?"

இத்தனை வருஷம் இது யாருக்கும் தோன்றவில்லையே என்று மோசேக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் அவனுக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"அப்போ நம்ம ஆளு பந்தை வச்சிருந்தா நாமதானே விழத்தட்டணும்? யாரா இருந்தாலும்னுல்லா துரை சொல்லியிருக்காரு?"

"பந்து வச்சிருக்கவன் நமக்குப் பின்னால இருப்பான். நம்ம கண்ணுல படமாட்டான். கண்ணுல படாதவனை எப்படி விழத்தட்ட?"

துரையின் பேச்சையும் மீறவில்லை, காரியமும் நடக்கும். அன்றைக்கே பயிற்சி தொடங்கியது. பதினைந்து பேரும் முதுகுப்பக்கமாகவே வேலைக்குப் போனார்கள், முதுகுப்பக்கமாகவே வீட்டுக்கு வந்தார்கள். முதல் வாரம் ஓடையில் விழுந்தார்கள், தேயிலைச் செடிமேல் உட்கார்ந்தார்கள், மோசே போய் மாட்டின்மேல் மோதினான். மாடு வேறு பாதையில் மேயப் பழகிக்கொண்டது. மாதம் போகப்போக, பின்னால் பார்க்காமலே பாறையேறும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். எங்கே போனாலும் போகிற இடம் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும், கண்ணுக்கு எதிரே இருப்பது விட்டுவந்த இடம் என்பது அவர்களுக்கு ரத்தத்திலேயே ஊறிப்போயிற்று. ஊறியதில் கொஞ்சம் குழம்பியும் போயிற்று.

மாட்சு நாளில் இரண்டு எஸ்டேட்டும் திரண்டு வந்திருந்தன. ரெஃபரி வழக்கம்போல ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சாமிதாஸ். எப்படியும் சாயங்காலம் மருந்து போடப்போகிறவர் அவர்தான் என்பதால் அந்த ஏற்பாடு.

ஊசிப்பாறை டீம் முதுகைக் காட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வந்ததும் குதிரைமுடிக்காரர்கள், மாட்சு வேண்டாமென்று திரும்பிப் போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தார்கள். போகிறவர்கள் கிட்டே கிட்டே வந்ததும்தான் விஷயம் புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்த சிரிப்பில் பந்தைப் பிடிக்க முடியாமல் நழுவவிட்டார்கள்.

ஊசிப்பாறைக்கும் சுகமில்லை. தங்கப்பழம் தன் முதுகுக்குப் பின்னால் பந்தைக் கொடுக்கும்போதெல்லாம் கம்பவுண்டர் விசில் அடித்தார்.

"பந்து முன்னால போகுதுய்யா!"

"பின்னாலதானே சார் கொடுத்தேன்?"

"உனக்குப் பின்னால. ஆட்டத்துக்கு முன்னால!"

தங்கப்பழம் யோசித்துப் பார்த்தான். கொடுத்தால்தானே விசில்? கொடுக்காவிட்டால்? பூரணத்தை நினைத்துக்கொண்டு பந்தை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தான். முதுகுப்பக்கமாக ஓட ஆரம்பித்தான். முதுகைக் காட்டி ஓடுகிறவனை மடக்கிப் பழகாத குதிரைமுடிக்காரர்களுக்கு அவன் போகிறானா வருகிறானா என்று பிடிபடவில்லை. ஒருத்தன் பாய்ந்தான், தங்கப்பழம் போன பிறகு அந்த இடத்தில் மண்ணைக் கவ்வினான்.

கோட்டையும் தாண்டிவிட்டான். ஆனால் அது அவனுக்குத் தெரியாது. காலையில் பெய்த தூறலில் சுண்ணாம்புக் கோடு கரைந்துபோயிருந்தது. கோட்டைத் தாண்டாமல் கீழே வைக்கக்கூடாது என்பது துரையின் கட்டளையாயிற்றே? கோட்டைப் பார்க்கும்வரை போவது என்று முடிவுசெய்து போய்க்கொண்டே இருந்தான். மைதானம் முடிந்தது. ஒற்றையடிப் பாதை வந்தது. குதிரைமுடிக்காரர்களும், வாயில் விசிலோடு கம்பவுண்டரும், கூட்டமும் பின்தொடர, குதிரைமுடியில் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு நடுவே முதுகால் வழிகேட்டபடி போய் ஒரு கதவில் இடித்து நின்றான். அது சங்கரபாண்டியின் வீடு.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சங்கரபாண்டி ஓடி வந்தார். "ஏலே, அதைக் கீழே வச்சிராத! அப்படியே கையில வச்சுக்க. உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"நான் எங்க மாமா வைக்கேன்? கோட்டையே இன்னும் காணோமே" என்றான் தங்கப்பழம் பரிதாபமாக.

கதவு திறந்தது. பூரணம் கையில் தளும்பத் தளும்ப டம்ளர் நிறைய டீயோடு நின்றாள்.

"அவனுக்கு டீ கொடுக்காத தாயி!" என்று சங்கரபாண்டி அலறினார்.

"வீட்டு வாசலுக்கு வந்த ஆளுக்கு ஒரு வாய் டீ கொடுக்காம அனுப்பினாங்கன்னு நாளைக்கு நாலு பேரு பேசவாப்பா?" என்றாள் அவள். தங்கப்பழத்திடம், "ரெண்டு கையாலயும் வாங்குங்க, கொதிக்கக் கொதிக்க இருக்கு" என்றாள்.

"கையில பந்து இருக்கே. கோட்டைத் தாண்டாம எப்படி வைக்க?"

பூரணம் டம்ளரைப் படியில் வைத்தாள். வாசலில் இருந்த கோலமாவை ஒரு பிடி அள்ளினாள். அவன் கால்களுக்கு முன்னால் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"இந்தா இருக்கு கோடு. நீங்க இந்தப்பக்கம் நிக்கீங்க. தாண்டிட்டீங்களா இல்லையா?"

தங்கப்பழம் கோட்டைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான். தாண்டித்தான் இருந்தான். பந்தைப் பதனமாகத் தரையில் வைத்துவிட்டு, அவள் எடுத்து நீட்டிய டீயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கம்பவுண்டர் நீளமாக விசில் அடித்தார்.

"அது கோலம்யா! கோடு இல்ல!" என்று குதிரைமுடி கத்தியது.

"மைதானத்துக் கோட்டை எப்பவோ தாண்டியாச்சு. அதுக்கு அப்புறம் எங்க வச்சாலும் செல்லும். இத்தனை மட்டும்தான் மைதானம்னு நீங்க எல்லை கட்டி வைக்கலையே?" என்றார் கம்பவுண்டர். கைக்கடிகாரத்தையும் பார்த்தார். "நேரமும் முடிஞ்சுபோச்சு. ஊசிப்பாறை ஜெயம்."

சங்கரபாண்டி பிச்சைக்கண்ணுவின் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் கேட்டார். "தம்பி, தோத்தா என்ன செய்யணும்? எங்களுக்குப் பழக்கம் இல்ல பாத்துக்க."

பிச்சைக்கண்ணுவுக்கு மனசு இளகிவிட்டது. "முதல்ல தலையைக் குனியணும் அண்ணாச்சி. அப்புறம் ரெஃபரியை ஏசணும். அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் ஏசணும். வீட்டுக்குப் போற வழியில அழணும். ராத்திரி சாப்பிடக்கூடாது."

குதிரைமுடிக்காரர்கள் முயன்று பார்த்தார்கள். தலை குனிந்தது. அழுகைதான் வரவில்லை. ஊசிப்பாறைக்காரர்களுக்கோ வேறு கஷ்டம். வருஷா வருஷம் குதிரைமுடிக்கே போன கப்பைக் கையில் கொடுத்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் மோசே அதில் தண்ணீர் மொண்டு குடித்தான். கடைசியில் பெரியவர்கள் கூடிப் பேசி, அவரவர் தெரிந்ததைச் செய்வது என்று முடிவானது. குதிரைமுடிக்காரர்கள் கப்பைத் தூக்கிக்கொண்டு மேளம் அடித்துப் போனார்கள். ஜெயித்த ஊசிப்பாறைக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் ஏசிக்கொண்டு, அழுதுகொண்டே ஊர்போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் சங்கரபாண்டி வாக்கு மாறவில்லை. தை பிறந்ததும் முகூர்த்தம் வைத்துவிட்டார். தங்கப்பழத்துக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

கல்யாணம் இரண்டு எஸ்டேட்டுக்கும் நடுவில் இருந்த முருகன் கோயிலில் நடந்தது. தாலி கட்டி முடிந்து பெண்ணை அனுப்பும் நேரம் வந்தது. பெண் வீட்டார் அழ வேண்டிய இடம் அது. குதிரைமுடிக்காரர்களுக்கு இன்னும் அழவரவில்லை, கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். இதைப் பார்க்கப் பொறுக்காமல் மாப்பிள்ளை வீட்டாரே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். பிச்சைக்கண்ணு தேம்பினான். மோசே தங்கப்பழத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

ஜீப் டிரைவர் கீழே ஊரிலிருந்து வாடகைக்கு வந்தவர். அழுகிறவர்கள்தானே பெண் வீட்டார், பெண்ணை அழாதவர்கள் ஊரில்தானே கொண்டுபோய்விட வேண்டும் என்று கணக்குப் போட்டார். மணமக்களை ஏற்றி நேரே குதிரைமுடிக்கு விட்டார். பூரணம் விடிய விடியக் கண்விழித்த அசதியில் ஏறியதுமே தூங்கிவிட்டாள். ஜீப்பின் பின்சீட்டில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த தங்கப்பழத்துக்கு, ஊசிப்பாறை மலை கண்ணுக்கு நேராகவே தெரிந்துகொண்டிருந்தது. எதிரே தெரிவது போகிற இடமா, விட்டுவந்த இடமா என்பது அவனுக்கு எப்போதோ குழம்பிப்போயிருந்தது; ஊருக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தான்.

இறங்கிப் பார்த்தான். அதே லயம், அதே கதவு, அதே படி. குறுக்குப் பாதையில் முன்னாலேயே வந்துவிட்ட சங்கரபாண்டி திகைத்துப்போய் வாசலில் நின்றார். தங்கப்பழத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பூரணம், எந்திரி. நம்ம பயலுக செஞ்சிருக்கிற காரியத்தைப் பாரு! உனக்குப் பிறந்த வீட்டு ஏக்கம் வந்துரக்கூடாதுன்னு ஊசிப்பாறையையே குதிரைமுடி மாதிரி மாத்தி வச்சிருக்கானுவ. மாமாவைக்கூடச் செஞ்சு நிறுத்தியிருக்கானுவ பாரேன்!"

என்று சொல்லி, மாமனாரை நன்றாகத் தட்டிப் பார்த்து, "முறைக்கிறது மட்டும் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றான்.