விக்காத வீடும் தூங்காத பிள்ளையும்

ஒரு ஊர்ல ஒரு வீடு இருந்துச்சாம், முகில். அதை விக்கணும்னு நாகலிங்கம்னு ஒருத்தரும் அவர் சம்சாரம் செண்பகமும் தவியா தவிச்சாங்களாம். ஏன்னா, அவங்க மக வெளியூர்ல ரெட்டப் பிள்ளையைப் பெத்துட்டு, கூடமாட ஒத்தாசைக்கு ஆளில்லாம கெடக்குறா. இதை வித்தாத்தான் அங்க போய் ஒரு வீடு பாக்க முடியும். பேரப்பிள்ளைங்களைத் தூக்கக் குடுத்து வெக்கலையேன்னு செண்பகத்துக்கு அழுகையா வருமாம். ம் கொட்டுடா. ஆங்.

ஆனா வீடு எப்பிடி? ஒரு சுவத்துல முழங்கால் உசரத்துல வெடிப்பு. மழை வந்தா கூடத்து மூலை ஒழுகும். "நான் பாத்துக்கறேன்"னாராம் நாகலிங்கம். உங்கப்பா ஃபேன் மாட்டறப்போ சொன்னானே, அதே மாதிரி.

அப்புறம் சரக் சரக்னு வீடு பூரா வெள்ளையடிச்சாராம். அது காயறதுக்குள்ள, கருநீலச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தர் வீடு பாக்க வந்துட்டாரு. நல்லாத்தான் இருக்குன்னு சுவத்துல ஜம்முனு சாஞ்சுக்கிட்டே பேசுனாரு. வெளியில போனா தெருவே சிரிக்குது. முதுகு பூரா சுண்ணாம்பு! போனவர் போனவர்தான்.

அப்புறம் நாகலிங்கம் என்ன பண்ணாரு, வெடிப்பை மறைக்க ஒரு சாமி காலண்டரை மாட்டுனாரு. எங்க? முழங்கால் உசரத்துல! அப்போ ஒரு பக்தியான அம்மா வந்தாங்க. சாமியைக் கொண்டுபோய் கால்கிட்ட மாட்டியிருக்கீங்களேன்னு பதறி, கன்னத்துல போட்டுக்கிட்டு, அதை எடுத்து மேல மாட்டப் போனாங்க. வெடிப்புக்குள்ளேருந்து ஒரு பல்லி சரசரன்னு ஓடி வந்துச்சு. அதுக்கு முன்னால அந்த அம்மா தெருவுக்கு ஓடிட்டாங்க.

என்னடா, ம் சொல்றியா, சும்மா மூச்சு விடறியா?

அப்புறம் செண்பகத்துக்குக் கோவம் வந்துருச்சு. இனிமே நீங்க ஒண்ணையும் மறைக்க வேணாம், வர்றவங்ககிட்ட நானே சொல்லிக்கறேன்னுட்டாங்க. அப்போ பாத்து இன்னொரு அம்மா வந்தாங்க. இடுப்புல ஒரு கைப்பிள்ளை. ங்ஙேன்னு அழுகை. பொறந்ததுலேருந்து தூங்கவே தூங்காதாம், அந்த அம்மா கண்ணு குழி விழுந்து கெடக்கு. வெளியில மழை சோன்னு புடிச்சுக்கிச்சு. செண்பகம் மூலையில ஒரு குண்டானை வெச்சுட்டு, "இங்க ஒழுகும்மா, அந்தச் சுவத்துல வெடிப்பும் இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க. நாகலிங்கம் தலையில கை வெச்சுக்கிட்டாரு.

குண்டான்ல ஒரு சொட்டு, டொக். பிள்ளை அழுகையை நிறுத்துச்சு.

டொக். "ம்"னுச்சு பிள்ளை.

டொக். "ம்..."

டொக். சத்தமே காணோம். தூங்கிப்போச்சு!

அந்த அம்மா அசையாம நின்னுக்கிட்டே குசுகுசுன்னு, "இந்த வீட்டை எங்களுக்கே குடுத்துருங்க"ன்னாங்களாம்.

அப்புறமென்ன, செண்பகம் மக வீட்டுக்குப் போய் ரெண்டு பேத்தியையும் இடுப்புக்கு ஒண்ணா தூக்கிக்கிட்டாங்க. சந்தோசம்னா அப்பிடி ஒரு சந்தோசம்.

சரி, அந்தத் தூங்காத பிள்ளை யாருன்னு கேளேன். முகில்?

நீதாண்டா திருட்டுப்பயலே. உங்கப்பன் அடுத்த மழைக்குள்ள ஆளு வெச்சு அந்த மூலையை அடைச்சுட்டான். அன்னையிலேருந்து உன் அத்தை நாந்தான் தெனமும் கதையாச் சொட்டிக்கிட்டு கெடக்கேன்.

மழை விட்ட மாதிரி கதையும் வெறிச்சுது, அத்தை வாயும் ஓஞ்சுது. தூங்குடா தங்கம்.